செவ்வாய் ஆறாவது பீரியட்

ஜூலை 20, சனி

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நகைக்கடையில் கொடுத்த இந்த டைரி ஏழு மாதமாக பிரிட்ஜ் மேல் சும்மா கிடந்தது.

விவரம்: என் மகள் ஜெயதுர்கா. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ. கழுத்தைச் சுற்றிக் கருத்திருந்ததை அழுக்கு என்று நினைத்து அவள் அம்மா செல்வி நான்கு மாதமாகப் பீர்க்க நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுக்கு இல்லையாம். உடம்பு சர்க்கரையைச் சரியாகச் செலவழிக்கவில்லை என்பதற்கு அது அடையாளமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 6.1. ஆறரையைத் தொட்டால் சர்க்கரை நோய் என்றே பெயர் வைத்துவிடுவார்கள். பதினைந்து வயதில்.

"மாத்திரை இப்ப எழுதல சார். மூணு மாசம் தாரேன்" என்றார் டாக்டர். "தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசையணும். வேர்க்கணும், மூச்சு வாங்கணும். என்ன செஞ்சா, எத்தன நிமிசம் செஞ்சான்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. அக்டோபர்ல மறுபடி ரத்தம் எடுப்போம். குறையலன்னா மாத்திரைதான்."

பிறகு துர்கா பக்கம் திரும்பி, "ஒனக்கு என்னம்மா விளையாடப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

துர்கா தரையைப் பார்த்தாள். "அவளுக்கு ஒண்ணும் பிடிக்காது டாக்டர். எந்நேரமும் போன்தான்" என்று நான் சொன்னேன்.

"நான் அவகிட்ட கேட்டேன் சார்" என்றார் டாக்டர். இந்தக் காலத்து டாக்டர்களுக்குப் பொறுமை குறைவு.

நான் கணக்கு வாத்தியார். எனக்கு இது எளிய பெருக்கல். தினம் 60 நிமிடம், தொண்ணூறு நாள், 5400 நிமிடம். முடித்துவிடலாம்.

ஜூலை 22, திங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுப்பினேன். மூன்று முறை எழுப்ப வேண்டியிருந்தது. பைக்கில் ஏற்றி தாலுகா ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் இறக்கிவிட்டேன். சுற்றி வரச் சொல்லிவிட்டு, எதிர்த்தாற்போல டீக்கடையில் பேப்பர் பார்த்தபடி கண்காணித்தேன். ஆறு மணிக்கு அழைத்துவந்தேன்.

நடை: 60 நிமிடம்.

10 ஆ-வுக்கு நான்தான் வகுப்பாசிரியர், கணக்கும் நான்தான். முழுக்கப் பெண்பிள்ளைகள், முப்பத்தாறு பேர். துர்கா மூன்றாவது பெஞ்ச். பள்ளிக்கூடத்தில் 'சார்', வீட்டில் 'அப்பா'. அந்த விதியை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றே போட்டேன். இதுவரை மீறியதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

நடை: 60 நிமிடம்.

ஆறாவது பீரியட் 10 ஆ-வுக்கு பி.டி. வழக்கம்போல நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளி எட்டாவது பீரியடும் அப்படித்தான். பி.டி. சார் செபஸ்தியானிடம் இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை. என்னைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார். அவருக்குக் கைநிறைய வேலை இருக்கிறது. பஸ் பாஸ் லிஸ்ட், விலையில்லா சைக்கிள் லிஸ்ட், காலை பிரேயரில் வரிசை சரிசெய்வது. கழுத்தில் விசில் மட்டும் தொங்கும், எதற்கென்று தெரியவில்லை.

பதினோரு வருடமாக என் வகுப்பு பொதுத்தேர்வில் நூறு சதவீதம். ஒவ்வொரு ஜூனிலும் ஹெச்.எம். சால்வை போர்த்துகிறார். அது சும்மா வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

நடை: 60 நிமிடம். எட்டாவது பீரியடில் கூட்டுத்தொடர்வரிசை, ஆறு கணக்கு.

ஜூலை 28, ஞாயிறு

செருப்போடு நடந்தால் கால் வலிக்கிறது என்றாள். செல்வி பரண்மேலிருந்து ஒரு ஷூவை இறக்கினாள். வெள்ளைக் கேன்வாஸ், ஓரத்தில் சிவப்புக் கோடு. எட்டாம் வகுப்பில் வாங்கியது. கால் போகவில்லை. அதிகம் தேயாத ஷூ. இன்னும் வைத்திருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

கடைக்குப் போய்ப் புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் தூக்கிப் போடு என்றேன். துர்கா அதைத் துடைத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

நடை: 60 நிமிடம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். மாலையில் மொட்டைமாடியில் முந்நூறு குதி என்று உத்தரவு. மேலே போனாள். கீழே சத்தமே கேட்கவில்லை. எங்கள் கான்கிரீட் கனம் அப்படி.

செல்வி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "எங்கிட்ட இருபத்திரெண்டு பிள்ளைக. ஒண்ணுகிட்டயும் ஓடுன்னு நான் சொன்னதில்ல. உக்காரு உக்காருன்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பிள்ளைகள உங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம். பத்து வருசத்துல என்ன செஞ்சு வைக்கீங்க?"

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று பதில் சொன்னேன். கீரையில் புழு இருந்தது என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எடை பார்த்தேன். 71.4.

பதினைந்து நாள், தினம் 60, ஆக 900 நிமிடம். ஸ்கிப்பிங் தனி. எடை ஏறியிருக்கிறது. கணக்கு எங்கோ இடிக்கிறது. யாருக்கும் தெரியாமல் தின்கிறாள் என்பதுதான் விடையாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் விற்கிற பானிபூரியைத் தடை செய்தேன். இரவுச் சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி என்றேன். செல்வி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

60 நிமிடம். ஆறாவது பீரியட், இயற்கணிதம், எட்டு கணக்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எட்டாவது பீரியடில் நான் போர்டில் எழுதித் திரும்பினால் துர்கா தூங்கிக்கொண்டிருக்கிறாள். மகள் என்று விட்டால் மற்ற முப்பத்தைந்து பேரும் என்ன நினைப்பார்கள்? எழுப்பி நிற்க வைத்தேன். பீரியட் முடியும்வரை நின்றாள்.

"நிக்கதும் ஒரு எக்சர்சைஸ்தான்" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு தமாஷுக்குச் சொன்னதுதான்.

நடை: 60 நிமிடம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

60 நிமிடம். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. அம்மா வழியாகத்தான் செய்தி வருகிறது. "பேனா மை தீந்துட்டாம்." "நாளைக்கு லேப் நோட்டு வேணுமாம்."

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மழை வருமோ என்று பயந்தோம், வரவில்லை. மிட்டாய் கொடுத்து முடிந்ததும் கொடிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த செபஸ்தியானிடம், சும்மா பேச்சுக்கு, துர்காவின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். நாலு வாரமாக நடக்கிறாள், ஒன்றும் குறையவில்லை என்றேன். பி.டி. வாத்தியார் ஆயிற்றே, உபாயம் ஏதாவது தெரிந்திருக்கும்.

அவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நடக்கதுல அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு சார்? எறிபந்துல அதுக்கு நல்ல கை. எட்டாவதுல எதிர் டீம் பந்த வாங்குன வேகத்துல திருப்பி விடும். அதோட செட்டுல ஏழு பேரு இருந்தாங்க. இது போனதும் ஒண்ணொண்ணா கழண்டுட்டு. வல இன்னும் ஸ்டோர் ரூம்லதான் கெடக்கு."

"ஒம்பதாவது வந்தா படிப்பு முக்கியம்லா சார்" என்றேன்.

"ஆமா சார். நீங்கதான சொன்னீங்க" என்றார்.

மிட்டாய்க் காகிதங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எட்டாவது பீரியடை முடித்துவிட்டு வந்து, இந்த டைரியை எழுத எடுத்தேன். பக்கங்களில் சிவப்பு மை.

முதலில் நான்தான் பழக்கதோஷத்தில் எதையோ திருத்தி வைத்தேனோ என்று நினைத்தேன். இல்லை. துர்காவின் கையெழுத்து. ஜூலை 22-லிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறாள். நான் வழக்கமாகப் பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரியே, பெரிய பெருக்கல் குறியும் பக்கத்தில் சரியான விடையும்.

"60 தவறு. நடந்தது 11 நிமிடம். மீதி கேலரியில் உட்கார்ந்திருந்தேன். கண்காணித்தவர் பேப்பரில் இருந்தார்."

"60 தவறு. 8 நிமிடம். நாய் துரத்தியதில் 1 நிமிடம் ஓட்டம்."

"ஸ்கிப்பிங்: 300 தவறு. 0. கயிறு தண்ணீர்த் தொட்டி மேல் உள்ளது."

ஆகஸ்ட் 9-க்கு எதிரே எதையும் திருத்தவில்லை. அந்த நாளை ஒரு வட்டம் போட்டு விட்டிருக்கிறாள்.

கடைசியில் ஒரு முழுப் பக்கம். "ஜூன் 11 முதல் ஆகஸ்ட் 13 வரை கால அட்டவணைப்படி 10 ஆ-வுக்கு வந்த பி.டி. பீரியடுகள் 19. ஒரு பீரியடுக்கு 40 நிமிடம். 19 × 40 = 760. நாங்கள் மைதானத்தில் இருந்தது 0 நிமிடம். இந்த 760 நிமிடம் எங்கே போனது? படிகளுடன் விளக்குக."

இன்றையது சேர்த்தால் இருபது. 800. அதையும் நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த டைரியை நான் மறைத்து வைக்கவில்லை. டாக்டருக்குக் காட்ட வேண்டியது, பிரிட்ஜ் மேல்தான் இருந்தது. கோபப்பட எனக்கு வழியில்லை. ஆனாலும் கோபம் வந்தது. முதலில் அவள்மேல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது அவள்மேல் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

காலையில் மைதானத்துக்குப் போகவில்லை. துர்கா எழுந்து ஷூ போட்டுக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு வேண்டாம், உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

நான் திருத்தப்பட்ட தாளைப் பார்த்தேன் என்று சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை.

"எத்தன மார்க் போட்டிருக்க?" என்றேன்.

"ஸ்டெப்ஸ் இல்ல. மார்க் கெடையாது" என்றாள். எட்டு நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

"ஏம்மா, எறிபந்து விளையாடணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. "நீங்க எங்கிட்ட கேட்டீங்களாப்பா? ஒம்பதாவது ஆரம்பத்துல ஷூ போட்டு, தல பின்னி, கிரவுண்டுக்குப் போனேன். செபஸ்தியான் சார் எல்லாரு முன்னாடியும் லிஸ்ட்ட வாசிச்சாரு. எம்பேரு இல்ல. சார் எம்பேர விட்டுட்டீங்கன்னு சொல்லுதேன். அவரு, ஒங்கப்பா வேண்டாம்னுட்டாரும்மான்னாரு. நான் அங்கனயே நின்னேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தாளுக. நீங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லல. அன்னிக்கு சாயங்காலம்கூட, ஹோம்ஒர்க் முடிச்சியான்னுதான் கேட்டீங்க."

செல்வி அடுப்படி வாசலில் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, வரவும் இல்லை.

அந்த வருடம் நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். படிப்புக்காக என்று செபஸ்தியானிடம் சொன்னேன். செல்வியிடமும் அப்படித்தான் சொன்னேன். உண்மை அதில் பாதி. அவள் பெரியவளாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்டாப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். மற்ற வாத்தியார்கள் டீ குடித்துக்கொண்டே ஜன்னலில் நின்று ஆட்டம் பார்ப்பார்கள். ஒருவர், "என்ன சார், உங்க பொண்ணு நல்லா வளந்துட்டாளே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனிதரை ஜன்னலை விட்டு நகரச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் மகளை மைதானத்தை விட்டு நகர்த்தினேன்.

வெட்கமாக இருக்கிறது. எழுதிய பிறகும் குறையவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆறாவது பீரியடில் வகுப்புக்குப் போய், "எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க" என்றேன். யாரும் அசையவில்லை. ஒருத்தி, "சார், டெஸ்டா?" என்று கேட்டாள். திடீர்ப் பரீட்சை வைக்கப் பிள்ளைகளை வெளியில் உட்கார வைப்பது என் வழக்கம்.

முப்பத்தாறு பேரும் கணக்குப் புத்தகத்தோடு இறங்கி வந்தார்கள். வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள். செபஸ்தியான் ஸ்டோர் ரூம் சாவியைத் தேடிக் கால்மணி நேரம் போனது. வலையை எலி கடித்திருந்தது. பந்தில் காற்று இல்லை. காற்றடிக்கிற பம்பில் ஊசி இல்லை. நாற்பது நிமிடமும் அப்படியே போனது.

துர்கா நடந்தது: வகுப்பிலிருந்து மரத்தடி வரை. 2 நிமிடம். இது சரியான விடை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எட்டாவது பீரியடுக்குப் பந்து, வலை, ஊசி எல்லாம் தயார். மைதானத்துக்கு வந்தால் பிள்ளைகளைக் காணோம். நான் விட்டது தெரிந்து சயின்ஸ் டீச்சர் உள்ளே புகுந்துவிட்டார். கதவருகே போய் நின்றேன். "ஒங்களுக்கு வேண்டாம்னா எனக்குத் தாங்க சார், ஒளியியல் முடிக்கணும்" என்றார். பல வருடம் நான் அதே குரலில் பேசியிருக்கிறேன். பந்தையும் வலையையும் ஸ்டோர் ரூமில் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஐந்தாவது பீரியட் எனக்கு ஓய்வு. அது முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே 10 ஆ வாசலில் போய் நின்றுகொண்டேன். மணி அடித்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கிளப்பினேன். சயின்ஸ் டீச்சர் படியில் எதிரே வந்தார். "நானே கூட்டிட்டுப் போறேன் டீச்சர்" என்றேன்.

பத்து நிமிடம் யாரும் விளையாடவில்லை. துப்பட்டாவை இழுத்து இழுத்துச் சரி செய்தார்கள். பந்து காலடியில் உருண்டுவந்தால் விலகினார்கள். அப்போது துர்கா எழுந்து துப்பட்டாவை மடித்து மரத்தடியில் வைத்துவிட்டு, பந்தை எடுத்து வலைக்கு மேலே விட்டாள். எதிர்ப்பக்கம் நின்ற பிள்ளை, பெயர் முப்பிடாதி, தன்னையறியாமல் கையை நீட்டிப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகு, அதைத் திருப்பி விட்டுத்தானே ஆகவேண்டும்.

நான் ஸ்டாப் ரூமுக்குப் போய், மைதானத்துப் பக்க ஜன்னலைச் சாத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் புழுங்குகிறது என்றார்கள். ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

ஆட்டம்: 22 நிமிடம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வாரம் இரண்டு பீரியட் எப்படிப் போதும்? டாக்டர் சொன்னது தினம் ஒரு மணி நேரம். செபஸ்தியான் தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை இருக்கிறேன் என்கிறார். பஸ் பாஸ் லிஸ்ட்டை நான் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

வீடுகளுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு வீடு. முப்பிடாதியின் அம்மா, "வயசுப் பிள்ள சார், ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?" என்றார்.

"எம்பொண்ணும் விளையாடுதும்மா. நான் கூடவே இருக்கேன்."

"படிப்பு?"

"அது எம்பொறுப்பு."

ஏழு வீட்டில் சரி என்றார்கள். ஐந்து வீட்டில் பார்க்கலாம் என்றார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பீரியடில் 35, மாலையில் 55. மொத்தம் 90. இப்போதெல்லாம் நிமிடத்தை அவளே சொல்கிறாள். நான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மழை. மைதானத்தில் தண்ணீர். விளையாட்டு இல்லை என்று நான் வீட்டுக்குக் கிளம்பினேன். பிள்ளைகள் வராந்தாவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அட்டகாசம் தாங்கவில்லை. தடுக்கப் போனேன், செபஸ்தியான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். 40 நிமிடம்.

செப்டம்பர் 14, சனி

எடை 69.8. இரவில் மறுபடி சோறு. செல்வி பெரிய தட்டை எடுத்து வைத்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பேப்பர் கொடுத்தேன். கணக்கில் ஐந்து பேர் பெயில். போன வருடக் காலாண்டில் மூன்று பேர். இந்த ஐந்தில் நான்கு பேர் ஜூன் மாதப் பரீட்சையிலும் பெயிலானவர்கள். அவர்களில் மாலையில் விளையாடுகிறவள் ஒருத்தி மட்டும். அதை ஹெச்.எம். கேட்கவில்லை. ஐந்து என்ற எண்ணைத்தான் பார்த்தார்.

அக்டோபர் 9, புதன்

நான்காவது பீரியடில் சுற்றறிக்கை நோட்டு வந்தது. பியூன் அதை நீட்டுவார், நாங்கள் சாக்பீஸ் கையோடு வாங்கி, படிக்காமல் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நோட்டை நான் படித்தது நாலு தடவை இருக்கும். இன்று படித்தேன்.

பத்தாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளைகள் பொதுத்தேர்வு முடியும்வரை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மாலை விளையாட்டு நிறுத்தி வைக்கப்படுகிறது. அனைவரும் கையெழுத்திடவும்.

எனக்கு முன்னால் பதினாறு கையெழுத்து. செபஸ்தியானுடையதும் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரை அப்படிப் பழக்கியது நாங்கள்தான். என் பெயருக்கு நேரே "பார்த்தேன். உடன்பாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பியூன், "சார், இதுல இப்படியெல்லாம் எழுதக்கூடாது சார்" என்றார். மூன்றாவது பெஞ்சிலிருந்து துர்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 10, வியாழன்

ஹெச்.எம். கூப்பிட்டார்.

"என்ன வேல்மயில் சார், பதினோரு வருசமா இந்தப் பீரியட நீங்கதான் கேட்டு வாங்குனீங்க. இப்ப எழுத்துலயே குடுக்கேன். வேண்டாங்கீங்க."

"அப்ப வாங்குனது தப்பு சார்."

"ஒங்க பொண்ணுக்காகப் பேசுதீங்க."

"ஆமா சார். அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்ப எல்லாரும் விளையாடுதாங்க."

"ரிசல்ட் போச்சுன்னா?"

"சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ் வைக்கேன். காலைல எட்டு மணிக்கே வாரேன். எம்பாடத்துக்கு என் நேரத்த எடுத்துக்கிடுதேன் சார். அவுக நேரம் வேண்டாம்."

அவர் பேனாவை மூடினார். "நூறு சதவீதத்துக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். வாக்கு குடுக்கிற ஆளுதான் எனக்கு வேணும்" என்றார். வெளியே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நான் அப்படிப்பட்ட தைரியசாலி இல்லை.

அக்டோபர் 19, சனி

டாக்டர். எடை 68. மூன்று மாதச் சராசரி 5.8.

"மாத்திரை வேண்டாம். இன்னும் கொஞ்சம் எறங்கணும். விட்டா ஏறிரும்" என்றார் டாக்டர். டைரியைப் புரட்டினார். சிவப்பு மைப் பக்கங்களை நிதானமாகப் படித்தார். எனக்குக் காது சுட்டது. படித்துவிட்டு துர்காவிடம், "ஒனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்னு போன தடவ கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. துர்கா பேசினாள். எறிபந்து, சர்வீஸ், முப்பிடாதியின் இடதுகை, வலை கிழிசல், மழையில் நொண்டி. பத்து நிமிடம் பேசினாள். வெளியே ஆறு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் பைக்கை ஓரமாக நிறுத்தினேன். கண்ணில் தூசி என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலை பிரேயர் முடிந்ததும் புதிய கால அட்டவணை ஒட்டினார்கள். நான் இனி ஆறாம் வகுப்பு. 10 ஆ-வுக்கு சுகிர்தா டீச்சர். போன மாதம்தான் வேறு பள்ளியிலிருந்து மாறுதலில் வந்தவர், நல்ல சுறுசுறுப்பு.

ஸ்டாப் ரூமில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில்தான் எவ்வளவு கேள்வி. பத்தாம் வகுப்பு கணக்கு என்றால் இந்த ஊரில் வேல்மயில் என்பார்கள். இனி சொல்ல மாட்டார்கள். வலிக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

வீட்டில் செல்வி, "ஆறாங்கிளாஸ் பிள்ளைக பேசிட்டே இருக்கும். நான் பழக்கித்தாரேன்" என்றாள். துர்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னாலதான" என்றாள்.

"இல்ல. நீ கேள்விதான் கேட்ட. வெட போட்டது நான்" என்றேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவள் முன்னால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நாளை செவ்வாய். போன வாரம்வரை அந்தப் பீரியட் என் கையில் இருந்ததால் பிள்ளைகளை வெளியே விட்டேன். ஆறாவது பீரியடில் சுகிர்தா டீச்சர் பாடம் எடுப்பார், சுற்றறிக்கை அவர் பக்கம் இருக்கிறது. நான் அந்த வாசலில் போய் நிற்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு மாதம் பாடுபட்டது இதோடு முடிந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆறாவது பீரியடில் நான் மாடியில் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே செபஸ்தியானின் விசில் சத்தம். இரண்டு மாதம் முன்புவரை இந்தப் பள்ளியில் பிரேயர் நேரம் தவிர நான் கேட்டிராத சத்தம். வகுப்பிலிருந்து நாற்பது பிள்ளைகளும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் போனேன்.

10 ஆ முழுவதும் மைதானத்தில். முப்பத்தாறு பேர், ஒருத்தி பாக்கியில்லை. சுகிர்தா டீச்சர் வராந்தாவில் புத்தகத்தோடு நின்று மேலே வரச் சொல்லிக் கையசைத்தார். ஆட்டம் நின்றது. துர்கா பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரிடம் நடந்துபோய் ஏதோ சொன்னாள். இங்கிருந்து கேட்கவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். டீச்சர் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பந்து மறுபடி வலைக்கு மேலே போனது.

பீரியட் முடிந்து ஸ்டாப் ரூமுக்குப் போனால் சுகிர்தா டீச்சர் எனக்காகக் காத்திருந்தார். கோபமாக இல்லை. குழம்பியிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க மக சொல்லுதா, 'எங்க சார் பதினோரு வருசத்துல ஒரு பி.டி. பீரியடக்கூட எடுத்ததில்ல டீச்சர். எடுக்காமலேதான் நூறு சதவீதம் வந்துச்சு. வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க'ன்னு. அந்த முப்பத்தஞ்சு பிள்ளைகளும் ஆமா ஆமாங்குதுக. நெசமா சார்?"

ஸ்டாப் ரூமில் சயின்ஸ் டீச்சர் இருந்தார். செபஸ்தியான் இருந்தார். ஜன்னலோரம் டீ டம்ளரோடு மூன்று பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

துர்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. விடையில் அரைப் புள்ளி தவறியிருந்தாலும் ஒத்துக்கொள்கிற பிள்ளை.

"ஆமா டீச்சர்" என்றேன். "ஒருநாளும் எடுத்ததில்ல."